காட்சி மேசை அமைப்பது எப்படி: தோட்டப் பட்டணத்து நூலகத்துக்கு ஒரு வழிகாட்டி

ரப்பர், செம்பனைத் தோட்டங்களைச் சுற்றி வளர்ந்த மலேசியத் தோட்டப் பட்டணத்துப் பொது நூலகத்தில் தமிழ்ப் புத்தகங்கள் எங்கே இருக்கும் என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. பெரும்பாலும் கடைசி வரிசை, சுவரோரம், ஒன்றோ இரண்டோ அலமாரி. நாளிதழ் படிக்க வரும் பெரியவர்கள் வாசல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு அப்படியே எழுந்து போய்விடுகிறார்கள். பிள்ளைகள் நேராகக் கணினிக்கு ஓடுகிறார்கள். அந்த அலமாரியில் நல்ல புத்தகங்கள் நிறையவே உண்டு. ஆனால் முதுகை மட்டும் காட்டிக்கொண்டு நிற்கும் புத்தகத்தை, அதன் பெயர் ஏற்கெனவே தெரிந்தவர் மட்டும்தான் தேடி எடுப்பார்.

இந்தப் புத்தகங்களை ஒரு தலைப்பின் கீழ் திரட்டி, அட்டை தெரியும்படி மேசையில் நிறுத்துவதைத்தான் இங்கே காட்சி மேசை என்கிறேன். கிளை நூலகத்திலோ கிராம நூலகத்திலோ புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள், விடுமுறையில் தொண்டூழியம் செய்ய வரும் இளையோர், பள்ளி நூலகப் பொறுப்பை ஏற்றுக்கொண்ட தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து எழுதுகிறேன். நான் இருப்பது கோல சிலாங்கூர் வட்டாரம், அதனால் எடுத்துக்காட்டுகள் இங்கிருந்துதான் வரும். சுங்கை சிப்புட், கூலிம், குளுவாங் என்று எந்த ஊரில் இருந்தாலும் உங்கள் ஊருக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

சீர்காழியில் பிறந்து, 1924ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன் 1931ல் நூலகத்துக்கு ஐந்து விதிகளை வகுத்துத் தந்தார். அதில் மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்பது. வாசகர் வந்து கேட்கட்டும் என்று காத்திருக்காமல், நூலின் பக்கம் நின்று அதற்கு ஆள் தேடுவதும் நூலகரின் வேலை என்றாகிறது. காட்சி மேசைக்கு அடிப்படை இந்த விதிதான். ஆகவே மேசை அழகாக இருக்கிறதா என்பதை இரண்டாவதாகப் பாருங்கள். மாலையில் நூலகம் அடைக்கும்போது மேசையில் எத்தனை இடைவெளி விழுந்திருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். புத்தகம் வீட்டுக்குப் போனால்தான் இடைவெளி விழும். கீழே சொல்லியிருக்கும் ஒவ்வொன்றும் அந்த இடைவெளிக்காகத்தான்.

தலைப்பைப் பிடிப்பது

"வாசிப்போம், உயர்வோம்" என்று பலகை எழுதி மேசை போட்டுவிடலாம். அதன் கீழ் எந்தப் புத்தகத்தையும் வைக்க முடியும், அதுதான் சிக்கல். பார்ப்பவர் மனத்தில் எதுவும் ஒட்டாது. தலைப்பு குறுகலாக இருக்க வேண்டும். "விலங்குகள்" என்பதைவிட "பாம்பு" நல்லது. "சமையல்" என்பதைவிட "அரை மணி நேரத்தில் இரவுச் சாப்பாடு" நல்லது. தொழிற்சாலை வேலை முடிந்து வீட்டுக்கு ஓடும் வழியில் பிள்ளையை அழைத்துப் போக வந்த அம்மா அந்தப் பலகையைப் பார்த்தால் ஒரு நிமிடமாவது நிற்பார்.

ஒரு தலைப்பு தோன்றியதும் இரண்டு கேள்விகள் கேட்டுக்கொள்ளுங்கள். முதல் கேள்வி, இந்த மேசைக்கு யார் வருவார்? ஊரில் உங்களுக்குத் தெரிந்த ஒருவருடைய முகமாவது நினைவுக்கு வர வேண்டும். யாருமே நினைவுக்கு வரவில்லை என்றால் அந்தத் தலைப்பை விட்டுவிடுங்கள். அடுத்தது, நம்மிடம் இதற்கு நாற்பது புத்தகம் தேறுமா? மேசையில் இருபது, பின்னால் கையிருப்பாக இருபது. தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றையும் சேர்த்துத்தான் இந்த நாற்பது. தமிழில் மட்டும் தேடினால் பல தலைப்புகளுக்கு ஏழெட்டுதான் கிடைக்கும். அந்த ஏழெட்டையும் மேசையின் நடுவில் வையுங்கள், சரியாகிவிடும். சிறிய கிராம நூலகம் என்றால் மொத்தமே இருபது போதும்.

பண்டிகைத் தலைப்புகள் நாட்காட்டியிலேயே தயாராக இருக்கின்றன. பொங்கல், தைப்பூசம், நோன்புப் பெருநாள், தீபாவளி. இவற்றில் நாள் தவறினால் உழைப்பு வீண். பலரும் பண்டிகை வாரத்தில்தான் மேசை போடுகிறார்கள். வீட்டில் முறுக்குப் பிழிந்து முடித்த பிறகு பலகாரப் புத்தகம் யாருக்கு வேண்டும்? தீபாவளிக்கு நான்கு வாரம் முன்பே வைத்துவிடுங்கள். முதலில் இரவல் எடுத்தவர் திருப்பிக் கொடுத்து, இன்னொருவர் கொண்டுபோகவும் நேரம் கிடைக்கும்.

பண்டிகை தவிர மற்ற நாட்களும் உண்டு. பிப்ரவரி 21 அனைத்துலகத் தாய்மொழி நாள், ஏப்ரல் 2 சிறுவர் நூல் நாள், ஏப்ரல் 23 உலகப் புத்தக நாள். இவற்றைவிட நம் ஊர்களில் மே 1 தொழிலாளர் நாளுக்கு உயிர் அதிகம் என்பது என் கருத்து. தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது 1954ல். பெரிய தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், அப்போது அமைச்சராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன் முன்னின்று தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது 1960ல். இது தொடர்பான சிறப்பு மலர்கள், பழைய இதழ்கள், உறுப்பினர் அட்டைகள் எல்லாம் பல வீடுகளில் இன்னும் பத்திரமாக இருக்கின்றன. மேசைக்கு இரவல் கேட்டுப் பாருங்கள், மகிழ்ச்சியோடு கொண்டுவந்து தருவார்கள். பெயரையும் தேதியையும் எழுதி ரசீது கொடுத்து வாங்குங்கள், கண்ணாடிப் பெட்டிக்குள் வையுங்கள். விலைமதிப்பில்லாத தாள் என்றால் நகல் எடுத்துக்கொண்டு மூலத்தை அன்றே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஒரு எடுத்துக்காட்டு: "தோட்டத்தில் இரவு"

என்னைக் கேட்டால், சிறந்த தலைப்பு ஊரிலிருந்தே எழ வேண்டும். எங்கள் வட்டாரத்தைச் சுற்றிச் செம்பனைதான். இந்த நாட்டில் செம்பனை முதன்முதலில் வணிகப் பயிராக நடப்பட்டது 1917ல், பத்தாங் பெர்ஜுந்தை பக்கத்தில் உள்ள தென்னமாரம் தோட்டத்தில். ஊருக்கு இப்போது பெஸ்தாரி ஜெயா என்று பெயர். அந்தத் தோட்டத்துச் சாலையில் தினமும் போய்வரும் பிள்ளைகளுக்குக்கூட இது தெரியாது.

செம்பனைக் காட்டுக்குள் இரவில் என்ன நடக்கிறது? பழக்குலையைத் தின்ன எலி வரும். எலியைப் பிடிக்கக் கூகை வரும். அதற்காகவே தோட்டங்களில் கம்பம் நட்டுக் கூகைக்குப் பெட்டி வைத்திருக்கிறார்கள். எலியைத் தேடி நாகமும் மலைப்பாம்பும் வரும். அங்கிருந்து கொஞ்ச தூரம் போனால் கம்போங் குவாந்தான், சிலாங்கூர் ஆற்றோரத்து பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள். மேலே நட்சத்திரம். பாட்டி சொன்ன பேய்க்கதைக்கும் இங்கே இடம் உண்டு. ஒரே தலைப்பின் கீழ் எத்தனை வகைப் புத்தகம் வந்துவிட்டது பாருங்கள்.

இப்போது அலமாரிகளுக்கு இடையே ஒரு நடை போக வேண்டும். நம் பொது நூலகங்கள் பெரும்பாலும், பாடவாரியாகப் புத்தகங்களுக்கு எண் தரும் டியூயி தசம வகைப்பாட்டைத்தான் பின்பற்றுகின்றன. மின்மினிக்கும் மற்றப் பூச்சிகளுக்கும் 595.7. பாம்புக்கு 597.96. பறவைகள் 598, பாலூட்டிகள் 599. நட்சத்திரங்கள் 523.8. நாட்டுப்புறக் கதைகள் 398.2. ரப்பர், செம்பனை போன்ற பயிர்கள் 633. மலேசிய வரலாறு 959.5. தமிழ் இலக்கியம் 894.811. இந்த எண்களை ஒரு துண்டுத்தாளில் எழுதிக்கொண்டு கூடையோடு கிளம்புங்கள். கணினிப் பட்டியலில் "இரவு" என்று தட்டினால் தலைப்பில் அந்தச் சொல் இருக்கும் புத்தகம்தான் வரும். கூகையைப் பற்றிய அருமையான மலாய்ப் படப்புத்தகம் வராது. கால் நடந்து கண் பார்த்தால்தான் அது கிடைக்கும்.

(டியூயி தன் வகைப்பாட்டை வெளியிட்டது 1876ல். பிரேசிலிலிருந்து ரப்பர் விதைகள் லண்டன் கியூ தோட்டத்துக்குப் போனதும் அதே 1876ல்தான். மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன, அவற்றிலிருந்துதான் மலாயாவின் ரப்பர்க் கதை தொடங்குகிறது. ரப்பர் பற்றி மேசை போடும்போது இது புத்தகத்தின் முன்னால் நிறுத்த ஒரு நல்ல குறிப்பட்டை ஆகும்.)

கூடையில் எதைப் போடுவது? எல்லோரும் எடுக்கும் புத்தகத்தையே மேசையில் வைக்கும் ஆசை வரும். அதில் நான்கைந்து போதும், ஆளை இழுக்க. மற்றவை நீண்ட நாளாக யாரும் தொடாதவையாக இருக்கட்டும். கடைசிப் பக்கத்துத் தேதித்தாளைப் பாருங்கள், அல்லது இரவல் பதிவைக் கணினியில் பாருங்கள். இரண்டு மூன்று ஆண்டாக வெளியே போகாத, ஆனால் நீங்கள் புரட்டியதும் கீழே வைக்க மனம் வராத புத்தகம் எதுவோ அதற்குத்தான் இந்த மேசை. கிழிந்தது, பூசணம் பிடித்தது, அட்டை வெளுத்தது வேண்டாம். அப்புறம், தடித்த புத்தகத்தோடு மெல்லிய புத்தகமும் வேண்டும். பள்ளியில் நிலாம் வாசிப்புப் பதிவை நிரப்ப வேண்டிய பிள்ளைகள் மெல்லியதைத்தான் முதலில் எடுப்பார்கள். எடுக்கட்டும். அடுத்த முறை கொஞ்சம் தடித்ததை எடுப்பார்கள்.

ஒவ்வொரு புத்தகத்தையும் முழுதாகப் படிக்க முடியாவிட்டாலும் முன்னுரையையும் நடுவில் இரண்டு பக்கத்தையும் படித்துவிடுங்கள். சிறுவர் மேசைக்கு இது கட்டாயம். அட்டையில் அழகான ஆந்தைப் படம் இருக்கும், உள்ளே பெரியவர்களுக்கான கதை இருக்கும்.

கையிருப்பு போதவில்லை என்றால் மாநில நூலகத்திடம் மொத்தமாக இரவல் கேட்கலாம். கிளைகளுக்கு இடையேயும் புத்தகம் மாற்றிக்கொள்ள வழி உண்டு. நேரம் பிடிக்கும் என்பதால் ஆறு வாரம் முன்பே எழுதிவிடுங்கள்.

புத்தகத்தை அலமாரியிலிருந்து எடுத்தவுடன் ஒரு வேலை இருக்கிறது. புதியவர்கள் பெரும்பாலும் இதை விட்டுவிடுவார்கள். கணினிப் பட்டியலில் அந்தப் புத்தகம் இன்னும் பழைய இடத்தில் இருப்பதாகவே காட்டும். தேடி வந்தவர் அலமாரியில் காணாமல் திரும்பிப் போவார். உங்கள் நூலக மென்பொருளில் இடத்தைத் தற்காலிகமாக மாற்ற வசதி இருந்தால் "காட்சி மேசை" என்று மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் புத்தகம் இருந்த இடத்தில் ஒரு மணிலா அட்டைத் துண்டைச் செருகி "இந்நூல் காட்சி மேசையில் உள்ளது" என்று எழுதுங்கள். இரவல் கொடுக்கும் முகப்பிலும் ஒரு பட்டியல் இருக்கட்டும்.

மேசையும் இடமும்

கதவைத் திறந்தவுடன் இடிக்கும் இடத்தில் மேசை போடாதீர்கள். உள்ளே வருபவர் குடையை மடக்குவார், செருப்பைப் பார்ப்பார், பிள்ளையைக் கூப்பிடுவார். நான்கைந்து அடி தள்ளி, நாளிதழ் நாற்காலிகளிலிருந்து தலை நிமிர்ந்தால் தெரிகிற இடம் நல்லது. இரவல் முகப்புக்குப் பக்கத்திலும் வைக்கலாம், வரிசையில் நிற்பவர் கை தானாக நீளும். சக்கர நாற்காலி போகும் அளவுக்குச் சுற்றிலும் இடம் விடுங்கள். சிறுவர் மேசை என்றால் பிள்ளையின் இடுப்பு உயரம்தான் அளவு.

வெயில் விழும் சன்னலோரம் வேண்டாம். மூன்றே வாரத்தில் சிவப்பு அட்டை வெளுக்கத் தொடங்கும். குளிரூட்டிக்கு நேர்க் கீழேயும் வேண்டாம், தண்ணீர் சொட்டும். நம் ஊர் ஈரப்பதத்தில் சுவரோடு ஒட்டி வைத்தால் பூசணம் ஏறும், ஒரு கை அகலமாவது தள்ளி வையுங்கள்.

புத்தகத் தாங்கிக்குக் காசு இல்லையென்று கவலைப்பட வேண்டாம். பழைய மேசை நாட்காட்டியின் முக்கோண அட்டை மெல்லிய சிறுவர் நூல்களைத் தாங்கும். தடித்தவற்றுக்குக் கம்பித் தாங்கி வேண்டும், மலிவு விலைக் கடையில் தட்டு நிறுத்தி வைக்கும் கம்பியாக அது கிடைக்கும். பழப்பெட்டியைக் கவிழ்த்துப் பின்னால் வைத்தால் உயரம் வரும். பின்வரிசை உயரமாகவும் முன்வரிசை தாழ்வாகவும் இருந்தால் எல்லா அட்டையும் தெரியும். நூலகப் புத்தகத்துக்கு நெகிழி உறை போட்டிருப்பதால் குழல்விளக்கு அதில் பளபளக்கும், அட்டை தெரியாது. புத்தகத்தைச் சற்றுப் பின்னால் சாய்த்து வைத்து, வாசகர் வரும் திசையிலிருந்து ஒரு முறை நடந்து வந்து பாருங்கள்.

பலகையும் குறிப்பட்டையும்

மூன்று மீட்டர் தூரத்திலிருந்து படிக்க எழுத்தின் உயரம் குறைந்தது இரண்டரை சென்டிமீட்டர் வேண்டும் என்பது பொதுவான கணக்கு. தமிழில் ண, ஷ, ஜு போன்ற எழுத்துகளின் வளைவுகள் நெருக்கமாக இருப்பதால் மூன்றரை, நான்கு சென்டிமீட்டர் வையுங்கள். எழுத்துரு எளிமையாகவும் தடிப்பாகவும் இருக்கட்டும். வெள்ளையில் கறுப்பு, மஞ்சளில் கருநீலம் இரண்டும் பெரியவர்கள் கண்ணுக்கு நன்றாகத் தெரியும்.

சுவரொட்டி செய்யும் செயலிகள் சிலவற்றில் தமிழ் எழுத்து உடையும். கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் போய் நிற்கும். திரையில் சரியாகத் தெரிந்தது அச்சில் உடைந்து வரும். அச்சிட்ட தாளை ஒரு தமிழாசிரியரிடம் காட்டிவிட்டு ஒட்டுங்கள். புலனத்தில் (வாட்ஸ்அப்) படம் அனுப்பினால் ஐந்து நிமிடத்தில் பார்த்துச் சொல்லிவிடுவார். பொது நூலகத்தில் பிழையோடு தொங்கும் தமிழ்ப் பலகையைப் பிள்ளைகள் ஒரு மாதம் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அது நடக்கக்கூடாது. மலாய்த் தலைப்புக்கும் இதே அக்கறை வேண்டும். இயந்திர மொழிபெயர்ப்பை அப்படியே ஒட்டாமல், மலாய் நன்றாக எழுதும் சக ஊழியர் ஒருவரிடம் கேளுங்கள். இரண்டு மொழியிலும் தலைப்பு இருந்தால் மலாய் நண்பர்களும் இது தங்களுக்கும் உரிய மேசை என்று வருவார்கள்.

பலகையைவிட அதிக வேலை செய்வது சின்னக் குறிப்பட்டை. உள்ளங்கை அளவு அட்டையில் இரண்டு வரி எழுதி, ஒரு புத்தகத்தின் முன்னால் நிறுத்துவது. "அருமையான நூல், அவசியம் படியுங்கள்" என்று எழுதினால் யாரும் அசைய மாட்டார்கள். தகவல் ஒன்று வேண்டும், அல்லது கேள்வி ஒன்று வேண்டும். "தோட்டத்தில் இரவு" மேசைக்கு இப்படி எழுதலாம்:

"செம்பனைப் பூவில் மகரந்தம் சேர்க்கும் சிறு வண்டு 1981ல் கேமரூனிலிருந்து கொண்டுவரப்பட்டது. அதற்கு முன் அந்த வேலையை மனிதர்கள் கையால் செய்தார்கள். உங்கள் வீட்டில் யாராவது செய்திருக்கிறார்களா? கேட்டுப் பாருங்கள்."

இதைப் படித்த பிள்ளை வீட்டுக்குப் போய்ப் பாட்டியிடம் கேட்கும். அடுத்த நாள் பாட்டியும் நூலகத்துக்கு வரக்கூடும். பூச்சிப் புத்தகத்துக்கும் பாட்டிக்கும் இப்படித்தான் தொடர்பு உண்டாகிறது. மேசைக்கு இப்படி ஐந்து அட்டை இருந்தால் போதும். எல்லாப் புத்தகத்துக்கும் வைத்தால் ஒன்றையும் படிக்க மாட்டார்கள்.

இன்னொரு அட்டை தவறாமல் வேண்டும், அதுவும் மேசையின் நடுவில்: "இந்தப் புத்தகங்களை இரவல் எடுத்துச் செல்லலாம்." பலர் கண்காட்சி என்று நினைத்துக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்துவிட்டுப் போகிறார்கள். "தம்பி, இத எடுத்தா கலைஞ்சிடாதா?" என்று கேட்கும் அம்மாக்கள் உண்டு. "கலையணும்மா, அதுக்குத்தான் வெச்சிருக்கு" என்று சொல்லி, நீங்களே ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுங்கள்.

அலங்காரப் பொருள்கள்

ரப்பர்ப் பால் வாளி, பால் வடியும் மங்கு, மரம் சீவும் உளி, பழைய லாந்தர், நெற்றி விளக்கு. ஊரில் கேட்டால் எல்லாம் கிடைக்கும். இரண்டு மூன்று பொருள் போதும், புத்தகத்தை மறைக்கக்கூடாது. உளியின் வாயில் துணி சுற்றிக் கட்டி, கண்ணாடிப் பெட்டிக்குள் வையுங்கள். ரப்பர் ஷீட்டை மட்டும் புத்தகத்தருகே கொண்டுவராதீர்கள், அதன் வாடை தாளில் ஏறும், சரியாகக் காயாததில் பூசணமும் இருக்கும்.

பொங்கல் மேசைக்கு அரிசிமாக் கோலம் போட ஆசை வரும். மறுநாள் காலையில் எறும்பு வரிசை நிற்கும். வண்ணத்தாளில் வெட்டிய கோலம் போதும். பானைக்குள் அரிசி வேண்டாம், வண்டு வரும். கரும்பும் மாவிலையும் ஒரு நாள் நிகழ்ச்சிக்குச் சரி, மூன்று வாரத்துக்குச் சரிப்படாது. குத்துவிளக்கை எண்ணெய் இல்லாமல் துடைத்து வையுங்கள்.

புத்தக அட்டையில் ஒட்டுநாடா ஒட்டாதீர்கள். ரப்பர் வளையம் போட்டுக் கட்டாதீர்கள். இந்த வெக்கையில் அது இளகி அட்டையோடு ஒட்டிக்கொள்ளும்.

கனமான தலைப்புகள்

தோட்டப் பட்டணத்தில் சில தலைப்புகள் வெறும் தலைப்புகள் இல்லை. சயாம் மரண ரயில் அதில் ஒன்று. 1942க்கும் 1943க்கும் இடையில் ஜப்பானியர் ஆட்சியில் சயாமிலிருந்து பர்மாவுக்குப் போடப்பட்ட 415 கிலோமீட்டர் பாதை. மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் கொண்டுபோகப்பட்டார்கள், மிகப் பலர் திரும்பவில்லை. அந்தக் குடும்பங்கள் இன்னும் உங்கள் ஊரில் இருக்கின்றன. இதைப் பற்றி மேசை போடத்தான் வேண்டும் என்று நான் நினைக்கிறேன். பள்ளிப் பாடத்தில் இது சில வரிகளில் கடந்துபோகிறது. நூலகம் அப்படிக் கடந்துபோகக்கூடாது.

ஆனால் கவனமாகப் போடுங்கள். எலும்பும் தோலுமாய் நிற்கும் மனிதர்களின் படங்களைச் சிறுவர் பகுதிக்கு எதிரே வைக்க வேண்டாம். ஆரவாரமான தோரணம் வேண்டாம். வெள்ளைத் துணி விரித்து, ஒரு வரைபடம், புத்தகங்கள், அவ்வளவு போதும். பக்கத்தில் ஒரு நாற்காலி போடுங்கள், பெரியவர் யாராவது உட்கார நினைப்பார். அவர் பேசத் தொடங்கினால் வேலையை விட்டுவிட்டுக் கேளுங்கள். பதிவு செய்ய வேண்டும் என்று தோன்றினால் முதலில் அவரிடமும் குடும்பத்தாரிடமும் கேட்டு, அவர்கள் சரி என்ற பிறகே கைப்பேசியை எடுங்கள்.

இதே அக்கறையோடு "நம் தோட்டங்கள்" என்றும் ஒரு மேசை போடலாம். வட்டாரத்தின் பெரிய வரைபடம் ஒன்றை அச்சிட்டுச் சுவரில் மாட்டி, பக்கத்தில் ஒட்டுத்தாளும் பேனாவும் வையுங்கள். "உங்கள் தாத்தா பாட்டி எந்தத் தோட்டம்?" என்ற கேள்வி போதும். தோட்டத்தின் பெயரை மட்டும் எழுதச் சொல்லுங்கள், ஆட்களின் பெயரும் தொலைபேசி எண்ணும் பொதுச் சுவரில் வேண்டாம். ஒரு தோட்டத்துக்கு ஆங்கிலப் பெயர் ஒன்று இருக்கும், நம்மவர்கள் வழங்கிய பெயர் ஒன்று இருக்கும். இரண்டையும் எழுதச் சொல்லுங்கள். இன்று தாமான் குடியிருப்புகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்ட இடங்கள் அந்தச் சுவரில் மறுபடி தோன்றும். மேசையை எடுக்கும்போது வரைபடத்தைத் தெளிவாகப் படம் எடுத்துத் தேதியோடு பாதுகாத்து வையுங்கள். இப்படி ஊரே சேர்ந்து எழுதிய பட்டியல் எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது.

உடல்நலம் வேறு விதமான கவனம் கேட்கும். நவம்பர் 14 உலக நீரிழிவு நாள், தீபாவளியை ஒட்டி வரும். நம்மவர்களிடையே நீரிழிவு அதிகம் என்பதால் இந்தத் தலைப்பு அவசியம். ஆனால் நாலு பேர் பார்க்க அந்தப் புத்தகத்தை எடுக்கக் கூச்சப்படுவார்கள். வாசலுக்கு நேராக வைக்காமல் பக்கவாட்டு அடுக்கில் வையுங்கள். மன அழுத்தம், குடிப்பழக்கம் பற்றிய நூல்களுக்கும் அப்படித்தான்.

மேசை போட்ட பிறகு

காலையில் திறந்ததும் ஐந்து நிமிடம், மாலையில் அடைக்கும் முன் ஐந்து நிமிடம். எத்தனை போயிற்று என்று எண்ணி ஒரு தாளில் கோடு போடுங்கள். காலியான இடத்தைக் கையிருப்பிலிருந்து நிரப்புங்கள். ஆனால் இடைவெளியே இல்லாமல் நெருக்கி அடுக்காதீர்கள். ஒன்றிரண்டு காலி இடம் இருந்தால் வருகிறவருக்கும் எடுக்கத் துணிவு வரும். திரும்பி வந்த புத்தகம் நல்ல நிலையில் இருந்தால் மறுபடியும் மேசைக்கே போகட்டும்.

ஒரு வாரமாக அசையாமல் நிற்கும் புத்தகத்தை இடம் மாற்றுங்கள், ஓரத்திலிருந்து நடுவுக்கு. அதற்குப் பிறகும் அசையவில்லை என்றால் அதற்கு ஒரு குறிப்பட்டை எழுதிப் பாருங்கள். மேசை முழுவதும் அசையவில்லை என்றால் நான்கு வாரம் காத்திருக்க வேண்டாம், பத்தாம் நாளே தலைப்பை மாற்றிவிடுங்கள்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களின் புலனக் குழு, கோயில் நிர்வாகக் குழு, பாலர்பள்ளிப் பெற்றோர். இவர்களுக்கு ஒரு படமும் இரண்டு வரியும் அனுப்பினால் போதும். பசார் மாலாம் (இரவுச் சந்தை) நடக்கும் நாளில் நூலகம் மாலைவரை திறந்திருந்தால், அந்த நாள் காலையில் அனுப்புங்கள். பட்டணத்துக்கு எப்படியும் வருவார்கள்.

மூன்று முதல் நான்கு வாரம் ஒரு மேசைக்குப் போதும். எடுக்கும் நாளில் புத்தகங்களைத் தூசி தட்டி, பூச்சி இருக்கிறதா என்று புரட்டிப் பார்த்து, அலமாரிக்கு அனுப்புங்கள். மணிலா அட்டைத் துண்டுகளை எடுத்துவிடுங்கள், கணினியில் இடத்தைப் பழையபடி மாற்றுங்கள். இரவல் வாங்கிய பொருள்களை ரசீதோடு சரிபார்த்து உரியவர் கையிலேயே கொடுங்கள்.

கடைசியாக ஒரு பக்கத்துக்கு ஒரு குறிப்பு எழுதிக் கோப்பில் சேருங்கள். தலைப்பு, தேதி, மேசையில் இருந்த புத்தகங்களின் பட்டியல், எவை வெளியே போயின, எவை போகவில்லை, வாசகர்கள் கேட்டு நம்மிடம் இல்லாதவை எவை. இந்தக் கடைசி வரியைத் தனியாக நகலெடுத்து, நூல் கொள்முதல் செய்யும் அதிகாரிக்கு அனுப்புங்கள். "தமிழ் நூல்கள் வாங்கித் தாருங்கள்" என்று பொதுவாகக் கேட்பதைவிட, "பூச்சிகளைப் பற்றித் தமிழில் சிறுவர் நூல் கேட்டு இத்தனை பேர் வந்தார்கள், நம்மிடம் ஒன்றுதான் இருக்கிறது" என்று எழுதும் கடிதத்துக்குப் பதில் வர வாய்ப்பு அதிகம். அந்தக் கடிதத்தை மேசையை எடுத்த வாரத்திலேயே அனுப்பிவிடுங்கள்.